தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு இருபத்துநான்கு வீடு

உலகச் சண்டை முடிந்து, சிப்பாய்களெல்லாம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஆளுக்கொரு பெட்டியோடு ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, ஒரே காண்டிராக்டர் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரே கோடையில் கட்டிக்கொடுத்த வீடுகளில் குடியேறினார்களே, அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் டயர் செய்கிற ஓர் ஊரின் மேற்கு ஓரத்தில் க்ளோவர் தெரு என்று ஒரு தெரு உண்டாயிற்று. இந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, வாசலில் பாய் விரித்த மாதிரி புல்தரை. அசதியாக வருகிற ஆண்பிள்ளை பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுக் கைகழுவுகிறவரைக்கும் அவனுக்கும் தெரியாது, சோறு போட்டவளுக்கும் தெரியாது.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் எதை வாங்கினாலும், மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே பொருள் மற்ற இருபத்துமூன்று வீட்டுச் சமையலறையிலும் வந்து இருக்கும்.

முதல் தடவை வந்தது ரொட்டி வாட்டுகிற பெட்டி. ஏழாம் நம்பர் வீட்டு லொரெய்ன் ஆசைப்பட்டு ஒன்று வாங்கி வைத்தாள்; காலையில் வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டுக்காரி கையில் அதே பெட்டியை வைத்துக்கொண்டு "எனக்கு எதுக்கும்மா இவ்வளவு செலவு பண்ணினே?" என்று கண்கலங்கி நிற்கிறாள், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியும் நிற்கிறாள், அதற்கடுத்தவளும் நிற்கிறாள். லொரெய்ன் சண்டைக்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ஆணி அறைந்தவள், எதற்கும் அசராதவள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இருபத்துமூன்று பேருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் துணி துவைக்கிற இயந்திரம் வந்தது. அதற்கடுத்த வாரம், பதினொன்றாம் நம்பர்க்காரர் சபலப்பட்டு வாங்கிய, கிளி படம் போட்ட ஆரஞ்சு நிற டை வந்தது. அன்றைக்குத் தெருவிலிருந்த இருபத்துநான்கு ஆண்களும் கிளி டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், மற்றவன் கட்டியிருக்கும்போது நாம் மட்டும் கட்டாமலிருந்தால் நன்றாக இருக்காது என்று அவரவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் ஏன் தண்ணீர் வருகிறது என்று யார் கேட்கிறார்கள், வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதத்தில் முறை போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒன்றாம் நம்பர் வீடு காய்கறியும் இறைச்சியும் வாங்கும், நாளைக்கு இரண்டாம் நம்பர். பெரிய சாமான் என்றால் மாதத்துக்கு ஒரு வீடு. என்ன வாங்கலாம் என்பதை லொரெய்ன் வைத்திருக்கும் நோட்டில் எழுதி, எல்லாரும் தலையாட்டின பிறகே வாங்க வேண்டும். ஒரு வீடு வாங்கினால் இருபத்துநான்கு வீடு நிறைந்ததால் தெரு கொழித்தது. திங்கட்கிழமை தெரு முழுக்க ஒரே மாட்டிறைச்சி வாசம், வெள்ளிக்கிழமை தெரு முழுக்க ஒரே மீன் வாசம், ஞாயிற்றுக்கிழமை இருபத்துநான்கு புல்வெட்டும் இயந்திரமும் ஒரே சுருதியில் பாடும்.

ஒரே ஒரு சங்கடம். அந்த ஊரில் வாங்கிய சாமானை முப்பது நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். க்ளோவர் தெருவில் வந்த பொருளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும், குப்பையில் போட்டாலும், மறுநாள் ஆறு மணிக்குப் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வாங்கிய இடத்தில் யாராவது ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், எல்லா வீட்டிலும் இருப்பது, முதலில் வாங்கினவர் வீட்டில் இருப்பது உட்பட, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இருபத்துமூன்று வீட்டுக்காரர்களும் எதையும் திருப்பமாட்டார்கள். இருபத்துநான்காம் நம்பர் வீட்டில் தனியாக இருந்த மிஸ்டர் வெர்னன் திருப்புவார். பட்டாளத்தில் பதினொரு வருஷம் சாமான் கிடங்கு பார்த்தவர், ஆறடி இரண்டு அங்குலம், கால்சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு. வந்த பொருளைப் பெட்டியோடு வரவேற்பறையில் வைத்து, ஒட்டியிருக்கிற லேபிளைக்கூடப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். தேவையில்லை என்று பட்டால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கடையின் படியில் புல்வெட்டும் இயந்திரத்தை வைத்துவிட்டு வந்தார். தெருவில் புல் வெட்டிக்கொண்டிருந்த இருபத்துமூன்று பேர் வெறுங்கையைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்த பிறகுதான் நின்றார்கள்.

இப்படிப்பட்ட தெருவில், எட்டாம் நம்பர் வீட்டுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷம் செண்பகவல்லி வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிக்காரி. அவள் புருஷன் பூவநாதன் டயர் கம்பெனியில் ரப்பரைக் காய்ச்சிப் பார்க்கிற வேதியியல்காரன், அவனும் அதே ஊர்தான். அம்மன் பெயர் அவளுக்கு, சாமி பெயர் அவனுக்கு, ஒரே கோயில். வேறு பொருத்தம் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம்.

இவர்கள் வந்த இரண்டாம் நாள், இவர்கள் தோலின் நிறம் பிடிக்காத பதினாறாம் நம்பர்க்காரர் 'இந்த வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை வாங்கி வாசலில் நட்டார். மறுநாள் காலை தெருவில் இருபத்துநான்கு வீடும் விற்பனைக்கு நின்றது. செண்பகவல்லி தன் சமையலறையில் இருந்த பலகையைத் தூக்கி வந்து, மற்ற வீட்டு வாசலில் எல்லாம் இருக்கிறதே என்று தன் வாசலிலும் நட்டுவிட்டு, "என்னங்க, வந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள விக்கணுமா?" என்று கேட்டாள். பதினாறாம் நம்பர்க்காரருக்கு அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் தானே கொண்டுபோய்ப் பலகையைத் திருப்பிவிட்டார்.

அவளுடைய முறை வந்தபோது, நோட்டில் எழுதியிருந்த உருளைக்கிழங்கோடும் ரொட்டியோடும், எழுதாத பச்சைமிளகாய் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கிவிட்டாள். நாக்கு கேட்டது, என்ன செய்ய. மறுநாள் லொரெய்ன் ஒன்றைக் கடித்துவிட்டுத் தோட்டத்துக் குழாயை வாயில் வைத்தவள் கால் மணி நேரம் எடுக்கவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலேயே வாழ்கிற அவள் புருஷன் ஏர்ல், பல வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து "தண்ணி" என்று சொன்னார். மிஸ்டர் வெர்னன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுபோனார். இங்கே செண்பகவல்லி அரைத்துக்கொண்டிருந்த துவையலிலிருந்து உறைப்பு மட்டும் எழுந்து போய்விட்டது.

ஆனாலும் அவளுக்குத் தெரு பிடித்துப்போயிற்று. லொரெய்ன் நாளைக்கு மூன்று தடவை வேலி தாண்டி வருவாள். அவள் பேச்சை நம் பேச்சில் போட்டால் இப்படி இருக்கும்: "அடி செம்பா, இப்படிச் சுவரப் பார்த்துட்டு உக்காந்திருந்தா சுவருக்கே அலுத்துப்போகும்டி, வா, என்கூட வந்து என் கேக் ஏன் உப்பலன்னு பாரு."

செண்பகவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு பிள்ளை வயிற்றில் வந்து தங்கவில்லை. மூன்றாவது தங்கியது, பெண்பிள்ளையாகப் பிறந்தது, உமையாள் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு அறுபது நாள் ஆனபோது பூவநாதனின் அக்கா குருவம்மாளிடமிருந்து கடுதாசி வந்தது.

"தம்பிக்கும் செம்பாவுக்கும் அக்கா எழுதிக்கொண்டது. பிள்ளை பிறந்த சேதி கிடைத்து ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தோம். ரெண்டு தவறின வீடு, அதனால் அசட்டையாக இருக்காதே. பிள்ளையை யார் கையிலாவது கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடு. இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்லணும். அப்போதுதான் தங்கும். உன் புருஷன் படிச்சவன், சிரிப்பான். அவன் சிரிக்கட்டும், நீ செய்."

பூவநாதன் சிரித்தான். "செய்றதுன்னா செஞ்சிருவோம், அக்கா விடமாட்டா."

"தவிட்டுக்கு இந்த ஊர்ல எங்கங்க போறது?"

"காலையில பாலு ஊத்தித் திங்கிறாகளே அட்டைப்பெட்டியில, அது என்னன்னு நெனச்ச? கோதுமைத் தவிடுதான். நம்ம ஊர்ல மாட்டுக்கு வைக்கிறத இங்க சீனி போட்டு மனுஷனுக்கு வைக்கிறாக."

நோட்டில் எழுதி, எல்லாரும் தலையாட்டி, ஒரு பெட்டி வாங்கினாள். மறுநாள் தெரு முழுக்கத் தவிடு தின்று வயிறு லேசானது. அன்று மத்தியானம் லொரெய்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லி, மஞ்சள் துண்டில் சுற்றியிருந்த பிள்ளையை அவள் மடியில் போட்டு, ஒரு கோப்பை தவிட்டை நீட்டினாள்.

லொரெய்ன் கோப்பையை எட்டிப் பார்த்தாள். "ஒரு கோப்பையா? என்ன விளையாடுறியா? இந்தக் கண்ணுக்கே ரெண்டு கோப்பை கேப்பேன்."

"ஒண்ணுதான் வழக்கம்."

"அது உங்க ஊர்ல. இங்க எல்லாம் வெல கூட. மூக்க வேற பாரு. ரெண்டு, அதுக்குக் கீழ ஒரு பருக்கை குறைஞ்சாலும் தரமாட்டேன்."

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே இரண்டாவது கோப்பையையும் அளந்து போட்டாள். லொரெய்ன் பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்து, "வித்தாச்சு" என்று கொடுத்தாள். "இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை" என்று செண்பகவல்லி மூன்று தடவை சொன்னாள். பூவநாதன் படம் பிடித்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் தெருவின் வழக்கம் நினைவுக்கு வரவில்லை. சாமான் வாங்கினால்தானே வரும், சாங்கியத்துக்கு வருமா?

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த உமையாள் ஒரு தும்மல் தும்மினாள். அந்தத் தும்மல் லொரெய்ன் வீட்டில் கேட்டது, எதிர்வீட்டில் கேட்டது, தெருக்கோடிவரைக்கும் கேட்டது.

பச்சைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லொரெய்ன் தலையில் முடி சுருட்டுகிற ஊசிகளோடு ஓடி வந்தாள், கையில் மஞ்சள் துண்டில் சுற்றிய பிள்ளை. "செம்பா, உன் பிள்ள எப்படிடி என் அடுப்படிக்கு..." என்று ஆரம்பித்தவள் செண்பகவல்லியின் மடியைப் பார்த்து நிறுத்தினாள். புல்தரைகளில் வீட்டுக்கு ஒருவர் நின்றார்கள், ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் துண்டு, துண்டுக்குள் அதே மாநிறம், அதே கண், இரண்டு கோப்பை பெறுமானமுள்ள அதே மூக்கு. மூன்றாம் நம்பர் வீட்டில் நாலும் ஆண்பிள்ளைகள், பெண் வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவள், அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். எழுபது வயசான பதினைந்தாம் நம்பர்த் தம்பதி யார் முதலில் தூக்குவது என்று சண்டை போட்டார்கள். பலகை நட்ட பதினாறாம் நம்பர்க்காரர், பிள்ளையைத் தன் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் பெண்டாட்டி, "எல்லார் வீட்டிலயும் இருக்கு, நம்ம வீட்டுல மட்டும் இல்லன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றாள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக முழம் ஜாணாகி, ஜாண் விரற்கடையாகி, பிள்ளை மார்பில் ஒட்டிக்கொண்டது.

எட்டு மணிக்கு லொரெய்ன் வீட்டில் கூட்டம். நோட்டில் எழுதினார்கள்: தொட்டில் ஒன்று, பால் புட்டி ஒன்று, பால் பொடி ஒரு டின். பெயர் என்ன வைக்கலாம் என்று கை தூக்கச் சொன்னதில் சூசன் என்ற பெயர் ஜெயித்தது. இருபத்துமூன்று வீட்டிலும் சூசன், எட்டாம் நம்பரில் மட்டும் உமையாள். எல்லாரும் சிரித்துப் பேசிக் கலைகிற நேரத்தில், பதினைந்தாம் நம்பர்க் கிழவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "வெர்னன் வரலியே?" என்றார்.

சிரிப்பு நின்றது. செண்பகவல்லி உமையாளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவரு திருப்பிட்டா... என் மடியில இருக்கிறதும் போயிருமா?"

"நீயும் வாங்கினதுதானேடி," என்றாள் லொரெய்ன். அந்தத் தெரு அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னாள். "வித்தவ நான். என் வாசப்படியில கொண்டுவந்து வெச்சாப் போதும்."

உமையாளை இடுப்பில் வைத்துக்கொண்டு செண்பகவல்லி இருபத்துநான்காம் நம்பர் கதவைத் தட்டினாள். மிஸ்டர் வெர்னன் திறந்தார். வரவேற்பறையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் பட்டாளக் கம்பளி விரித்து, அதில் பிள்ளை படுத்திருந்தது. மஞ்சள் துண்டு துவைத்து, நாலாக மடித்துத் தனியாக இருந்தது.

"வந்தபோது இதில் சுற்றியிருந்தது, மிஸஸ் நாதன். திருப்புவதானால் இதையும் சேர்த்துத் தர வேண்டும்."

"திருப்பப் போறீங்களா?"

"நான் எதையும் முப்பதாம் நாள் வரைக்கும் முடிவு செய்வதில்லை."

"திருப்பினால் என் பிள்ளையும் போயிடும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், அவள் இடுப்பைப் பார்த்தார். "தெரியும். அதனால்தான் இன்றைக்கே திருப்பவில்லை. ஆனால் நான் வைத்திருந்து இது கெட்டுப்போனால்? கிடங்கில் என் கையில் கொடுத்த எதிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை, அம்மா. உயிருள்ளது எதையும் என் பொறுப்பில் யாரும் கொடுத்ததில்லை." பிறகு, அவள் போகத் திரும்பியபோது, "கழுத்தை எந்தக் கையால் தாங்குவது?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தெரு நாள் எண்ணியது. இருபத்துநான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பசித்து, ஒரே நேரத்தில் அழுதன. முதல் நாள் அந்த அழுகையைக் கேட்டுத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது, இரண்டாம் நாளும் வந்தது, மூன்றாம் நாளிலிருந்து ஊர்க்காரர்கள் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். நகராட்சி எழுத்தர் ஒரே பிறந்த தேதியை, ஒரே மச்சத்தை இருபத்துநான்கு தடவை எழுதிவிட்டு, "அழகான வருஷம்" என்று மட்டும் சொன்னார். கொடிகளில் துணி காய்ந்தது. முறைப்படி யாரோ ஒருத்தி ஆப்பிள் பணியாரம் வாங்குவாள், இருபத்துமூன்று பேரும் அவரவர் வீட்டுக்கு வந்ததை எடுத்துக்கொண்டு மிஸ்டர் வெர்னன் வீட்டுக்குப் போவார்கள், மனசைக் கரைக்க. அவர் வீட்டிலும் ஏற்கெனவே அது ஒன்று இருக்கும். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்துவார்.

"லொரெய்ன் வாசல்ல ஒரு நாயை வாங்கிக் கட்டிட்டா என்ன?" என்றான் பூவநாதன். அவனுக்கும் தூக்கம் போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது.

"வாங்கினா இருபத்துநாலு நாய் வருங்க."

"அதுவும் சரிதான்."

மிஸ்டர் வெர்னனோ பிள்ளையைக் கீறல் விழாமல் வைத்திருப்பதிலேயே கண்ணாக இருந்தார். வெயில் பட்டு நிறம் மாறிவிடக் கூடாது என்று தன் தொப்பியால் நிழல் பிடித்தபடி, நாலு மணி அடித்ததும் புல்தரையில் நாற்பது அடி போவார், நாற்பது அடி வருவார். நகத்தை அரத்தால் தேய்த்தார். எடை குறையக் கூடாது என்று சமையல் தராசில் தினமும் நிறுத்தார். புட்டியைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். பதினெட்டாம் நாள் பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் வேர்க்குரு வந்தது, இருபத்துநான்குக்கும் வந்தது. அன்றைக்கு அவர் நோட்டில் எழுதாமல், யாரையும் கேட்காமல், கடைக்கு நெட்டோட்டமாகப் போய் ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்தார். மறுநாள் காலை சமையலறையில் பவுடர் டப்பாவைக் கண்ட செண்பகவல்லி, இது யார் முறையுமில்லையே என்று யோசித்து, யோசித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லொரெய்ன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பாவை உயர்த்திக் காட்டினாள். அன்றைக்குத் தெருவே பவுடர் மணத்தோடு பேசிக்கொண்டது.

ஆனால் இருபத்தொன்பதாம் நாள் மிஸ்டர் வெர்னன் வீட்டுக் கொடியில் மஞ்சள் துண்டு காய்ந்தது. சாயங்காலம் அவர் அதை இஸ்திரி போட்டு மடிப்பதை ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தார்கள். எட்டாம் நம்பரில் அன்று அடுப்பு மூட்டவில்லை.

முப்பதாம் நாள் மூன்று மணி. யாரும் வேலைக்குப் போகவில்லை. செண்பகவல்லி தூங்குகிற உமையாளைத் தோளில் போட்டுக்கொண்டு, லொரெய்ன் வீட்டு வாசற்படியைப் பார்த்தபடி தன் புல்தரையில் நின்றாள். பூவநாதன் பக்கத்தில் நின்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிள்ளையைப் பிடிக்கப் பயந்தவன் மாதிரி. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முகமும் ஒரு பிள்ளையும். இருபத்துநான்காம் நம்பர் கதவு திறந்தது. மிஸ்டர் வெர்னன் கோட்டும் தொப்பியுமாக, வலது கையில் பிள்ளை, இடது கையில் மடித்த துண்டு, அணிவகுப்பில் நடக்கிற நடையில் தெரு நடுவே வந்தார்.

பாதித் தெரு வந்திருப்பார், காற்று அடித்தது. தொப்பி கழன்று உருண்டது. வாழ்நாளில் எதற்கும் ஓடாத மனுஷர், தொப்பிக்காக ஓடினார். தொப்பி பன்னிரண்டாம் நம்பர் புல்தரையில் ஏறியது, அவரும் ஏறினார். தொப்பி பதினான்காம் நம்பர்ப் பக்கம் திரும்பியது, அவரும் திரும்பினார், ரோஜாச் செடியைத் தாண்டினார், தண்ணீர்க் குழாயில் கால் தட்டி இரண்டு குதி குதித்தார், ஒவ்வொரு குதிக்கும் கையிலிருந்த பிள்ளை மேலே போய்க் கீழே வந்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. சிரித்தது. கெக்கெக்கென்று, மணியைக் குலுக்கின மாதிரி, மூச்சு முட்டச் சிரித்தது.

செண்பகவல்லி சட்டென்று தோளைத் திரும்பிப் பார்த்தாள். உமையாள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களில் இருந்தவர்களும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை கட்டைவிரல் சூப்பியது, ஒன்று கொட்டாவி விட்டது. வேறு எதுவும் சிரிக்கவில்லை.

தொப்பி இல்லாமல், மூச்சு வாங்க, கால்சட்டை முழங்காலில் பச்சைக் கறையோடு மிஸ்டர் வெர்னன் லொரெய்ன் வாசலில் வந்து நின்றார். பிள்ளை அவர் காதைப் பிடித்து இழுத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது அந்தப் பொருள் இல்லை," என்றார்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் லொரெய்ன்.

"தந்தபோது இது சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறது. தனியாகச் சிரிக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. தந்த நிலையில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது. யார் கையில் மாறியதோ அவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்." மடித்த துண்டைப் பிரித்துப் பிள்ளையைச் சுற்றினார். "வேறு வழியே இல்லை. நான் என்ன செய்ய முடியும்?"

லொரெய்ன் கழுத்தை நீட்டிப் பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் செய்தித்தாள் கீழே இறங்கியது. "சட்டம்னா சட்டம்தான்," என்றார் ஏர்ல்.

"அப்ப சூசன் உங்ககிட்டயே..." என்று இழுத்தாள் லொரெய்ன்.

"சூசன் இல்லை. மேபெல்."

"யாரு அது மேபெல்?"

"இத்தாலியில் எங்கள் கிடங்கில் மூட்டை சுமந்த கோவேறு கழுதை. மிக நல்ல பிள்ளை."

லொரெய்ன் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செண்பகவல்லி பிள்ளையை இறுக்கிய இறுக்கில் உமையாள் விழித்து வீறிட்டாள். தெருவில் வேறெந்தப் பிள்ளையும் அழவில்லை. முப்பது நாளில் முதல் தடவையாக அவள் தன் பிள்ளையின் குரலைத் தனியாகக் கேட்டாள். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, மாமனார் வீட்டுக் குரல். "அழட்டும், அழட்டும், யாரும் சமாதானப்படுத்தாதீங்க," என்றாள் அவள்.

அந்த வாரத்துக்குள் சூசன்கள் குறைந்துபோனார்கள். மூன்றாம் நம்பரில் ரூத், பதினைந்தாம் நம்பரில் கிழவரும் கிழவியும் ஒத்துப்போகாததால் ஒருத்திக்கே இரண்டு பெயர், பதினாறாம் நம்பரில் வீட்டுக்காரர் தன் தாயாரின் பெயரை வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் திரிந்தார். ஒன்று கேரட் தின்றது, ஒன்று துப்பியது. ஆறு மணிக்கு ஒன்று அழுதால் எட்டே காலுக்கு இன்னொன்று அழுதது. ஊரில் கடிகாரமெல்லாம் தாறுமாறாகப் போயிற்று, ஒருவரும் குறைப்படவில்லை.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும், எட்டாம் நம்பர்ப் பின்வாசலில் மிஸ்டர் வெர்னன் நின்றார், தோளில் மேபெல். லொரெய்ன் முன்கூட்டியே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் நாதன், உங்கள் பிள்ளையின் உடம்பில் ஒரு மினுமினுப்பு இருக்கிறது. இவளிடம் இல்லை. காரணம் தெரிய வேண்டும்."

"எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறோம். உக்காருங்க, சொல்லித்தாறேன்."

அவர் நாற்காலியைத் தேடினார். அவள் குளியலறைத் தரையைக் காட்டினாள். ஆறடி இரண்டு அங்குலம் மெதுவாகத் தரைக்கு இறங்கியது. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொன்னாள், சுருட்டினார். இரண்டு காலையும் சேர்த்து நீட்டச் சொன்னாள், நீட்டினார், பாதம் கதவுக்கு வெளியே போயிற்று. அந்த நீண்ட வெளுத்த கால்களின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, ஊரிலிருந்து குருவம்மாள் அனுப்பிய தேங்காயெண்ணெயை அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். முதுகு, தோள், பின்னந்தொடை. அவர் துப்பாக்கி துடைக்கிற கவனத்தோடு தேய்த்தார். பிறகு மல்லாத்திப் போட்டு, நெற்றியில் கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு தலைக்கு ஊற்றக் காட்டினாள். மேபெல் இரண்டு காலாலும் தண்ணீரை எத்தி அவர் சட்டையை நனைத்தாள்.

"இது எத்தனை நாள் செய்ய வேண்டும்?"

"அவளா எந்திரிச்சு, போதும், நானே குளிச்சுக்கிறேன்னு சொல்றவரைக்கும்."

அவர் குவளையை மறுபடி நிரப்பினார். காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லொரெய்னை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"உள்ளே வாருங்கள், இல்லையென்றால் வெளியே போங்கள். கதவைச் சாத்துங்கள் முதலில். பிள்ளைக்குக் காற்று அடிக்கிறது."